வலி இல்லாத கால்

1956ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சித்தூரில், டாக்டர் ரங்கையா, நகரியில் நூல் வியாபாரம் செய்துவந்த வேதாச்சல முதலியாரின் இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னார்.

விரல் கறுத்திருந்தது. அதற்குக் கீழே, பாதத்தின் ஓரத்தில், புளியங்கொட்டை அகலத்துக்கு ஒரு புண். ரங்கையா மெல்லிய கம்பி ஒன்றைச் சுடுநீரிலிருந்து எடுத்து அதற்குள் விட்டார். கம்பி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. முதலியாரின் மனைவி சுலோசனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதலியார் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு, துணைக்கு வந்து பக்கத்தில் நின்ற பாலசுந்தரத்திடம் அந்த மாதத்து முகூர்த்த நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"நொப்பி உந்தா?" என்று டாக்டர் கேட்டார்.

"லேதண்டி. கொஞ்சம்கூட வலி கிடையாது" என்றார் முதலியார் பெருமையாக.

"அதான் எனக்கு பயம்." ரங்கையா கம்பியை வெளியே இழுத்தார். அதன் முனையில் ஒட்டியிருந்ததைப் பஞ்சில் துடைத்து, முகர்ந்து பார்த்துவிட்டு வாளியில் போட்டார். "வலிக்குதுன்னு நீங்க கத்தியிருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன். சர்க்கரை வியாதி உங்க காலை எப்பவோ மரத்துப்போக வச்சிடுச்சு. இப்ப வந்தா விரல். தள்ளிப்போட்டா பாதம். அதுக்கும் மேல தள்ளிப்போட்டா எந்த எடத்துல வெட்டணும்னு நான் சொல்ல முடியாது. காலு சொல்லும்."

"எனக்குத் தைரியம் இருக்குது டாக்டர். ஆறிடும்."

"மஞ்சிதி. தைரியம் ரொம்ப நல்லது. தைரியமான ஆளுக்கு ஆபரேஷன் புண்ணு சீக்கிரம் ஆறும், நானே பாத்திருக்கேன். அதைப் பத்திரமா எடுத்து வச்சுக்குங்க. இப்ப எனக்கு அந்த விரல் வேணும்."

முதலியார் வாய்விட்டுச் சிரித்தார். டாக்டரின் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தார்.

புண் வந்தது ஆடி மாதத்தில். ஆந்திர ராஜ்யம் அமைந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. சித்தூர் ஜில்லா அதில் இருந்தது. ஜில்லாவின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று கேட்ட பல குழுக்களில் நகரிக் குழுவும் ஒன்று. முதலியார் அதன் தலைவர், பாலசுந்தரம் செயலாளர். எல்லையைத் தீர்த்துவைக்க மத்தியஸ்தர் ஒருவர் வரப்போகிறார் என்று பேச்சு அடிபட்ட நேரத்தில், நகரியிலிருந்து திருப்பதிக்குச் செருப்பில்லாமல் நடந்துபோய்ப் பெருமாளிடமே மனுப் போடுவது என்று முடிவாயிற்று. புத்தூர்ச் சத்திரத்தில் எல்லோரும் பாதத்தில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு முனகினார்கள். முதலியார் மட்டும் கால்மேல் கால் போட்டுச் சீட்டாடினார். நடந்த தூரமெல்லாம் அவருக்கு வலியே இல்லை. பெருமாள் மனுவை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பதற்கு அதுவே அத்தாட்சி என்று அவர் சொன்னார். மற்றவர்களும் அப்படியே நம்பினார்கள். வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து, கால் கழுவிவிடும்போது, சுலோசனா விரலிடுக்கில் முறிந்து கிடந்த கருவேல முள்ளைக் கண்டுபிடித்தாள். அதைச் சுற்றிச் சதை ஏற்கனவே வெளுத்திருந்தது.

சித்தூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் பாலசுந்தரம் முன் சீட்டில் உட்கார்ந்து பின்னால் திரும்பிக்கொண்டான்.

"அண்ணே, நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அந்த டாக்டரு எந்த ஊரு?"

"நெல்லூருப் பக்கம்னு கேள்வி."

"அப்புறம் இன்னா? நம்ம குழுத் தலைவரு மத்தியஸ்தர் முன்னாடி நொண்டிக்கினு போய் நின்னா யாருக்கு லாபம்? சொல்லுங்க."

"அவரு உங்க குழுவைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலியே தம்பி" என்றாள் சுலோசனா.

"அதாங்க அண்ணி சூட்சுமம். கேக்கவே இல்ல பாருங்க. தெரியாதவனா இருந்தா கேட்டிருக்க மாட்டானா?"

முதலியார் தொடையைத் தட்டிச் சிரித்தார். பஸ்ஸில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டு, மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு முன்பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அன்று முதல் வேதாச்சல முதலியாரின் கால் குழுவின் காரியமாகிவிட்டது. கால் நன்றாக இருக்கிறது என்று சொல்பவர் தமிழர் பக்கம். டாக்டரிடம் காட்டலாமே என்று சொல்பவர் யார் பேச்சைக் கேட்டுக்கொண்டு சொல்கிறார் என்று விசாரிக்கப்பட்டது. முதலியாரின் விதவை அக்காள் பொன்னியம்மாள் அந்த வீட்டில் அதிகாரம் உள்ளவள். நோயாளியின் காதில் கெட்ட வார்த்தை விழக்கூடாது என்று அவள் கட்டளை போட்டாள். சீழ், அழுகல், வெட்டு ஆகிய மூன்று சொற்களும் வீட்டுக்குள் பேசப்படவில்லை. காய்கறியைக்கூட நறுக்குவதாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கட்டு மாற்றும் வேலை சுலோசனாவுடையது. பழைய துணி சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். வெந்நீர் விட்டு ஊறவைத்து உரிக்க வேண்டும். உரிக்கும்போது துணியோடு ஏதாவது சேர்ந்து வரும். அழுகின முட்டைக்கோசும் பழைய வெல்லமும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணிலிருந்து அது போகாது. சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் விரலிலிருந்து அடிக்கும். அவள் கரண்டியால் சாப்பிடப் பழகினாள். பிறகு அதுவும் குறைந்தது.

முதலியார் நன்றாகச் சாப்பிட்டார். நன்றாகத் தூங்கினார். முகம் எண்ணெய் தேய்த்தது போலப் பளபளத்தது. தினமும் கட்டு அவிழ்க்கும்போது அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"இன்னாமே, நேத்திக்கு இன்னிக்குத் தேவலதானே?"

முதலில் சில நாள் அவள் உண்மையைச் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "உனக்குப் பாக்கத் தெரியல" என்று பரிவோடு சொன்னார். பொன்னியம்மாள்தான் சமையலறைக்கு வந்து நின்றாள்.

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? அவன் சிரிச்சிக்கினு கெடக்கறான், அது உனக்குப் பொறுக்கலியா?"

"கால் அழுகுதுக்கா. நீங்க வந்து ஒரு வாட்டி பாருங்களேன்."

"த பாரு, அந்த வார்த்தையை இன்னொரு வாட்டி சொன்னே..."

அவள் வந்து பார்க்கவில்லை. சாம்பிராணி போட்டாள். அறையின் நான்கு மூலையிலும் புகை. அதற்கு மேல் பன்னீர். அதற்கு மேல் ஊதுவத்தி. இத்தனைக்கும் அடியில் அந்த வாடை அசையாமல் இருந்தது.

பார்க்க வருபவர்களுக்குக் குறைவில்லை. தறிக்காரர்கள், கடைக்காரர்கள், புத்தூர், திருத்தணி குழுக்களின் ஆட்கள். வாசலில் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு உள்ளே வருவார்கள். அந்த மூச்சு தீரும்வரை பேசுவார்கள். இன்னாருடைய மாமனாருக்கு இதைவிட மோசமாக இருந்து தானாகவே ஆறிவிட்டது. இன்னொருவர் இப்போது மலையேறி இறங்குகிறார். கட்டைப் பார்த்து, "வத்திக்கினு வருது" என்பார்கள். பிறகு அவசர வேலை நினைவுக்கு வரும். தெருமுனைக் குழாயில் அவர்கள் வாய் கொப்பளித்துக் காறித் துப்புவதைச் சுலோசனா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். ஒருவர் தவறாமல் எல்லோரும் துப்பினார்கள். அதே ஆட்கள் அடுத்த வாரமும் வந்து, வற்றிக்கொண்டு வருகிறது என்றார்கள்.

சிலர் அவளையும் விசாரித்தார்கள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்குவதைப் பார்த்து, "நீ கவலைப்பட்டுக்கினு இருந்தா அவருக்கு எப்படிம்மா கொணமாவும்?" என்றார்கள். நோயாளி தேறாததற்கு ஏதாவது காரணம் வேண்டியிருந்தது. அது அவள் முகமாக இருக்கலாம் என்று வீட்டில் மெல்ல ஒரு கருத்து உருவாயிற்று. கட்டு மாற்றும்போது சிரித்த முகமாக இருக்கச் சொல்லி பொன்னியம்மாள் அவளுக்குச் சொல்லிவைத்தாள்.

சிவசங்கரன் வந்தது ஆவணிக் கடைசியில். திருப்பதியில் ஒரு கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுப்பவர். மனோபலம் பற்றி ஊர் ஊராகப் பேசுவார். நல்ல உடை, நல்ல குரல். முதலியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, உடம்பு மனத்தின் வேலைக்காரன் என்றார். காலையில் எழுந்ததும் கண்ணை மூடி, "என் கால் நல்ல கால்" என்று பத்து நிமிஷம் சொல்லச் சொன்னார். முதலியார் மறுநாள் முதல் சொன்னார். சொல்லிவிட்டு எழும்போது அவர் முகத்தில் உண்மையாகவே ஒரு தெளிவு இருந்தது. சுலோசனா அதைப் பார்த்தாள்; இல்லையென்று அவளால் சொல்ல முடியவில்லை. அவர் கண்ணை மூடியிருக்கும்போது கட்டின்மேல் ஈக்கள் உட்கார்ந்திருக்கும்.

புரட்டாசியில் கறுப்பு நிறம் பாதத்தின் நடுவரைக்கும் வந்தது. முதலியார் வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டார், சிவசங்கரன் சொன்னால் கேட்பார் என்று சுலோசனாவுக்குத் தோன்றியது. சனிக்கிழமை விரதத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் திருப்பதிக்குப் போனாள். மொட்டைத் தலைகளுக்கு நடுவே விசாரித்துக்கொண்டு கோயிலுக்குப் பின்தெருவில் அவர் வீட்டைக் கண்டுபிடித்தாள். அவர் ஈஸிசேரில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி போட்டார்.

"முதலியார் எப்படி இருக்கிறார் அம்மா?"

"நல்லா இருக்காரு. காலுதான் நல்லா இல்ல."

அவர் புன்னகை செய்தார். "நீங்கள் சோர்ந்துபோயிருக்கிறீர்கள். நம்பிக்கையோடு இருக்கிற நோயாளி சீக்கிரம் தேறுகிறான் என்பது கற்பனை இல்லை அம்மா. வெளிநாட்டில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்."

"இருக்கும் சார். நான் இல்லன்னு சொல்லல. சித்தூர் டாக்டரும் அதேதான் சொன்னாரு. ஆபரேஷன் ஆனப்புறம் தைரியம் ஒதவும்னாரு. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். நீங்க வந்து ஒரே வார்த்தை சொல்லுங்க. நம்பிக்கையோட போய் ஆபரேஷன் பண்ணிக்கினு வாங்கன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நாளைக்கே போயிடுவாரு. இப்ப போனா பாதம் மட்டும்தான் போவும்."

சிவசங்கரன் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவள் கேட்பதில் நியாயம் இருப்பது அவருக்குத் தெரிந்தது. அவர் முகத்தில் அது தெரிந்தது.

"அப்படிச் சொன்னால்," என்றார், "இத்தனை நாள் நான் சொன்னதை அவர் என்ன நினைப்பார்?"

"அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. அவரு சொபாவம் அப்படி."

"ஒரு நோயாளியின் மனத்தில் சந்தேகத்தைப் போட்டுவிட்டால் பிறகு எடுக்க முடியாது அம்மா. போன வாரம் காளஹஸ்திக் கூட்டத்தில்கூட முதலியாரைத்தான் உதாரணமாகச் சொன்னேன். ஐந்நூறு பேர் கேட்டார்கள்."

"நீங்க காலைப் பாத்தீங்களா?"

"பார்த்தேனே."

"கட்டைப் பாத்தீங்க சார்."

அவர் உள்ளே போய் ஒரு லட்டுவை வாழையிலைத் துண்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவள் வாங்கிக்கொண்டாள். பஸ்ஸில் அதன் நெய் வாசனையும் பச்சைக்கற்பூர வாசனையும் விரலிலிருந்த வாடையோடு சேர்ந்து குமட்டியது. ரேணிகுண்டாவில் ஏறின ஒரு மொட்டையடித்த குழந்தையின் கையில் அதைக் கொடுத்தாள்.

நவம்பர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் தெலங்கானாவோடு சேர்ந்து ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று. அன்று மாலை குழுவின் கூட்டம் முதலியார் வீட்டில் கூடியது. அவரால் வெளியே போக முடியவில்லை. கூடத்தில் ஜமக்காளம் விரித்து இருபது பேர் உட்கார்ந்தார்கள். திருப்பதியிலிருந்து சிவசங்கரனும் வந்திருந்தார். முதலியார் கட்டிலில் சாய்ந்து, சால்வையைக் கால்மேல் போட்டிருந்தார். இரண்டு நாளாக அவருக்குச் சாயங்காலத்தில் உடம்பு காய்ந்தது. அதனால் கண் கூடுதலாகப் பளபளத்தது.

"ஒண்ணு யோசிச்சுப் பாருங்க" என்றான் பாலசுந்தரம். "ஐதராபாத்து வரைக்கும் அவங்களுக்குக் கெடைச்சாச்சு. இம்மாம் பெரிய ராஜ்யத்தை வச்சிக்கினு நம்ம நகரியும் புத்தூரும் அவங்களுக்கு எதுக்கு? வேணாம்னு விட்டுடுவாங்க. இது நமக்கு நல்ல சேதி."

"சித்தூரும் வரும்" என்றார் ஒருவர்.

"திருப்பதியே வரும்!" என்றார் முதலியார் கட்டிலிலிருந்து. எல்லோரும் கைதட்டினார்கள்.

சுலோசனா வெந்நீர்ப் பாத்திரத்தையும் துணியையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கட்டு மாற்றும் நேரம் அதுதான். மற்ற நாட்களில் யாராவது இருந்தால் காத்திருப்பாள். அன்று காத்திருக்கவில்லை. பொன்னியம்மாள் கையைப் பிடித்தாள். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். சாம்பிராணித் தட்டை எடுத்துக் கொல்லைப்பக்கம் வைத்தாள். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து சால்வையை விலக்கினாள்.

"இன்னாமே இது, எல்லாரும் இருக்கச்சே" என்றார் முதலியார், சிரித்துக்கொண்டேதான்.

"எல்லாரும் தேவலைன்னு சொல்றாங்களே. பாத்துட்டுச் சொல்லட்டும்."

அவள் துணியை ஊறவைக்கவில்லை. அப்படியே சுற்றுச் சுற்றாக எடுத்தாள். கடைசிச் சுற்று வந்தபோது சுண்டுவிரல் துணியோடு வந்துவிட்டது. அவள் அதைப் பாத்திரத்தின் மூடியில் வைத்தாள். மிஞ்சியது பாதம் என்று சொல்லக்கூடியதாக இல்லை. மேற்புறம் கறுத்துப் பளபளத்தது. அடிப்புறத்தில் ஒரு பொந்து. பொந்தின் ஓரம் அசைந்துகொண்டிருந்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு வெள்ளையாக இரண்டு, அப்புறம் ஒரு கொத்து, ஜமக்காளத்தின்மேல் விழுந்து நெளிந்தன.

முன் வரிசையில் இருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். யாரோ ஓங்கரித்தார். சிவசங்கரன் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு எழுந்து வெளியே போனார்; வாசல் சாக்கடையோரம் அவர் வாந்தியெடுக்கும் சத்தம் உள்ளே கேட்டது.

சுலோசனா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இப்போது யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். வண்டி கட்டு, சித்தூருக்குக் கொண்டுபோ என்று ஒருவர் சொன்னால் போதும்.

பாலசுந்தரம்தான் முதலில் பேசினான். கனைத்துக்கொண்டான்.

"புழு வந்தா நல்லதுன்னு சொல்வாங்க" என்றான். "கெட்ட சதையை எல்லாம் துன்னுட்டு நல்ல சதையை விட்டுடுமாம். பட்டாளத்துல இருந்த எங்க மாமன் சொல்லியிருக்காரு."

அதைக் கேட்டதும் கூடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது போல இருந்தது. ஆமாம், அப்படித்தான் என்றார் ஒருவர். பட்டாளத்தில் அதையே வைத்தியமாகச் செய்கிறார்கள் என்றார் இன்னொருவர். பழைய விரல் விழுந்துவிட்டது, இனி சுத்தமாக ஆறும் என்றார் மூன்றாமவர்.

"பாத்தியா?" என்றார் முதலியார் மனைவியிடம். அவர் குரலில் வெற்றி இருந்தது. பாசமும் இருந்தது. "வெட்டணும்னு சொன்னானே, தானே விழுந்துட்டுது. ஒரு சொட்டு வலி உண்டா?"

சுலோசனா ஜமக்காளத்தில் கிடந்தவற்றைத் துணியால் கூட்டி அள்ளினாள். "துன்னட்டும்" என்றாள். "துன்னு முடிச்சதும் சொல்லுங்க." கொல்லைக்குப் போய்க் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். உள்ளே கூட்டம் தொடர்ந்து நடந்தது.

அந்த வாரத்துக்குள் காய்ச்சல் தலைக்கு ஏறியது. முதலியார் பிதற்ற ஆரம்பித்தார். பிதற்றலிலும் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. மத்தியஸ்தர் வந்து கைகுலுக்கிப் போனார். இப்போதுதான் பொன்னியம்மாள் பயந்தாள். வாடகைக் கார் பிடித்தார்கள். வேலூர் என்று பாலசுந்தரம் சொன்னான். அது சென்னை ராஜ்யம்.

கார் சித்தூர் வழியாகத்தான் போனது. ரங்கையாவின் ஆஸ்பத்திரி பெரிய தெருவிலேயே இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் டாக்டரின் வண்டியும் நின்றது.

"தம்பி, நிறுத்தச் சொல்லு. இங்கயே காட்டிடலாம்" என்றாள் சுலோசனா. முதலியாரின் தலை அவள் மடியில் இருந்தது.

"அண்ணி, இன்னும் ஒரு மணி நேரம். எல்லையைத் தாண்டிட்டா நம்ம டாக்டரு."

"தாங்காது தம்பி."

"தாங்குவாரு. அண்ணனைப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்?"

கார் நிற்கவில்லை.

வேலூரில் அறுவை செய்த டாக்டர் மலையாளி. அவருடைய தமிழும் தெலுங்கும் அரைகுறை. எல்லையைப் பற்றி அவருக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை. துணியை விலக்கிப் பார்த்ததும், முதன்முதல் எப்போது கறுத்தது என்று கேட்டார். ஆகஸ்டில் என்றாள் சுலோசனா. ஆகஸ்டில் வந்திருந்தால் ஒரு விரல் என்றார் அவர். மறுநாள் காலையில் இடது காலை முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள்.

முதலியார் பிழைத்தார். தினசரி ஊசி போட்டதில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. வெட்டுக்காயம் டாக்டர் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் ஆறியது. நர்சுகள் அவருடைய கட்டிலுக்குப் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர் எல்லோரையும் சிரிக்கவைத்தார். பக்கத்துக் கட்டிலில் கால் எடுத்த ஒருவன் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்து தை பிறக்கும் முன்னே செத்துப்போனான். டாக்டர் சுலோசனாவிடம், உன் புருஷன் இவ்வளவு சீக்கிரம் தேறினதற்குப் பாதிக் காரணம் அவருடைய மனசுதான் என்று சொன்னார். அவள் தலையாட்டினாள். அது உண்மையென்று அவளுக்குத் தெரிந்தது. ஐப்பசியில் ஜமக்காளத்தில் விழுந்ததைப் பார்த்தபோது வராத குமட்டல் அப்போது அவளுக்கு வந்தது. வராந்தா மூலையில் இருந்த தொட்டிக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

பாலசுந்தரம் பழம் வாங்கிக்கொண்டு வந்தபோது முதலியார் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரு இன்னா சொன்னாரு தெரியுமா? சரியான நேரத்துக்கு வந்தீங்க, இல்லாட்டி உசிரே போயிருக்கும்னாரு."

"நான்தான் சொன்னேனே அண்ணே. அந்தச் சித்தூரான்கிட்ட மாட்டியிருந்தா?"

"காலு போனா இன்னா? ஒண்ணு இருக்குது. பாரு, இதுல வலியே கிடையாது."

அவர் வலது காலைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். சுலோசனா மூத்திரப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

1957 ஜனவரியில், பொங்கல் கழித்து, அவரை ரயிலில் கூட்டிவந்தார்கள். அரக்கோணத்தில் வண்டி மாற வேண்டும். பாலசுந்தரம் முதலியாரை நாற்காலியில் வைத்துத் தூக்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுலோசனா தானே போய்ப் புத்தூருக்கு ஒரு டிக்கெட் வாங்கினாள். புத்தூர் நகரிக்கு அடுத்த பெரிய ஸ்டேஷன். மகள் யசோதாவைக் கொடுத்திருப்பது அங்கேதான்.

நகரிக்கு இறங்கும் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனில் மாலையோடு ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். மேளம் இருந்தது. பொன்னியம்மாள் ஆரத்தித் தட்டோடு வந்திருந்தாள். முதலியாரை நாற்காலியோடு இறக்கினார்கள். சிவசங்கரன் மாலை போட்டார். காலைக் கொடுத்தாலும் கலங்காத மனிதர் என்று உரத்த குரலில் பேச ஆரம்பித்தார். அவர் கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"அண்ணி, இறங்குங்க. வண்டி எடுத்துடுவான்" என்றான் பாலசுந்தரம் ஜன்னலுக்கு வெளியிலிருந்து.

"நான் புத்தூருக்குப் போறேன்."

"எப்ப வருவீங்க?"

அவள் மருந்துப் பையை ஜன்னல் வழியாக அவனிடம் நீட்டினாள். "காயத்தைத் தெனம் கழுவணும். அந்த இன்னொரு காலையும் தெனம் பாக்கணும். அக்காகிட்ட சொல்லு."

பாலசுந்தரம் சிரித்தான். "வந்துடுவாங்கண்ணே, ரெண்டு நாள்ல வந்துடுவாங்க" என்று முதலியாரைப் பார்த்துக் கத்தினான். முதலியார் மாலைக்கு நடுவிலிருந்து கையை ஆட்டினார்.

வண்டி புறப்பட்டது.

1960 ஏப்ரல் முதல் தேதி, மத்தியஸ்தர் தீர்ப்புப்படி, திருத்தணி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. நகரியும் புத்தூரும் சித்தூரும் திருப்பதியும் ஆந்திராவிலேயே இருந்தன. வேதாச்சல முதலியாரின் வலது காலை அதற்கு முந்தின வருஷமே வேலூரில் எடுத்திருந்தார்கள். சுலோசனா புத்தூரில் மகள் வீட்டில் இருந்தாள்.